தோள் குறைந்த சட்டைகள்

அந்தக் கடையில் மாஸ்டர் என்றால் அவள்தான். புதிதாக வருகிறவர்கள் அவளுடைய புருஷனைப் பார்த்து, "மாஸ்டர், ஒரு சட்டை தைக்கணும்" என்பார்கள். அவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டுவார். அங்கே நீள மேசைக்குப் பின்னால், கழுத்தில் டேப்பும் கையில் கத்தரியுமாக அவள் நிற்பாள். வெட்டுவது அவள், தைப்பது அவர். பதினெட்டு வருஷமாக இதில் மாற்றமில்லை.

இன்னொன்றிலும் மாற்றமில்லை. அவள் வெட்டியதைப் பற்றித் தையல்காரர் வாயைத் திறக்கக்கூடாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை, "காலர் கொஞ்சம் அகலமாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டார். சொன்னது சரிதான். ஆனால் நாலு நாள் வீட்டில் சாப்பாடு கிடைத்ததே தவிரப் பேச்சு கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள், "தப்பு இருந்தா எனக்கே தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள். மனுஷன் அன்றோடு அடங்கியவர்தான். அடிப்படையிலேயே பயந்த சுபாவம். தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் இவர் கடைக்கதவைப் பாதி சாத்திவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் மாஸ்டருக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டன. அவளுடைய அக்கா ஒன்றைக் கொடுத்தாள். அக்கா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, அவளுக்குச் சாதாரணமாகப் பேசவே வராது. வாரம் தவறாமல் போன் போட்டு, "என் சாமான் எப்படிடி இருக்கு? பத்திரமா வச்சிருக்கியா?" என்பாள். "உன்னைவிட ஒழுங்கா இருக்கு, கத்தறதில்ல" என்பாள் தங்கை. இரண்டு பேரும் சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பு தையல்காரருக்கு மட்டும் ஒட்டவே ஒட்டாது.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. வந்து சேர்ந்த கிட்னி வேற்றாளுடையது என்று உடம்பு கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும் மாத்திரைகளைக் காலையும் மாலையும் அவள் விழுங்கினாள். அடக்கி வைத்தால் எந்தக் கிருமி வந்தாலும் தடுக்க ஆளிருக்காது. கிட்னி டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து தையல்காரர் தினம் இரண்டு வேளை அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். அது பொய் சொன்னால் என்ன செய்வது என்று இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தார். தும்மிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி அளவெடுத்து அனுப்புவார். ஒரு வாடிக்கையாளர், "சட்டை தைக்க வந்தேனா, சோதனைச்சாவடிக்கு வந்தேனா?" என்றே கேட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷர்தான் கண்ணெதிரே வந்ததைக் கோட்டை விட்டார். அதிலும் கவனக் குறைவால் இல்லை, பிரியத்தால்.

முதலில் வந்தது ஒரு வெள்ளைச் சட்டை. வழக்கம்போல மாஸ்டர் வெட்டி, அளவுச் சீட்டைக் குத்தி, கட்டாகக் கட்டி அவர் பக்கம் வைத்தாள். தைக்க எடுத்தவர் முன்பாகத்தை விரித்துப் பார்த்தார். தோள் ஒன்றரை விரற்கடை குறைவாக இருந்தது. கழுத்து வளைவு பாதியில் நின்றிருந்தது. மற்றபடி பக்கமும் அடியும் கத்தியால் கீறியதுபோல அத்தனை சுத்தம். அசதியாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்த தெருத் துணிக்கடையில் அதே துணி இருந்தது. அவள் மதியம் படுத்திருந்த நேரத்தில் புதிதாக வெட்டித் தைத்துவிட்டார். கெட்டுப்போன துண்டைச் சீட்டோடு சுருட்டித் தன் மெஷினுக்கு அடியில் இருந்த சாக்குப் பைக்குள் தள்ளினார்.

நாலு நாள் கழித்து இன்னொன்று, அதுவும் தோள்தான். பிறகு மூன்று நாளைக்கு ஒன்று என்று வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் கிட்னி கெட்டுப் படுத்திருந்த காலத்தில் அவள் மிகவும் உடைந்துபோனது வலிக்கு இல்லை, கத்தரியைத் தூக்க முடியவில்லை என்பதற்குத்தான். அதை அவர் பார்த்திருந்தார். மறுபடி மேசைக்குப் பின்னால் வந்து நின்ற அன்று அவள் முகம் இருந்த இருப்பையும் பார்த்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, "நீ வெட்டறது தப்பாகுது" என்று எந்த வாயால் சொல்வது? அதனால் மென்று விழுங்கினார். தினமும் தெர்மாமீட்டரைப் பார்த்தார், அதில் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லையென்றால் நோய் இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

அவள் கதவு நிலையில் இடித்துக்கொள்ளத் தொடங்கினாள். "இந்த வாசலை யாரு குறுக்கினது?" என்று சிரித்தாள். தட்டில் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்தாள். அவர் தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிட்டாள். இது அவருக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டாளே என்று நிம்மதிப்பட்டுக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை காலை, மேசை மீதிருந்த இஸ்திரிப்பெட்டி அவள் இடது முழங்கை பட்டுச் சரிந்து அவள் கை மேலேயே சாய்ந்தது. தோல் பொசுங்கும் வாசனை தையல்காரர் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. "என்னமோ கருகுதே, பாருங்க" என்றாள்.

எப்படி ஓடினார், எப்படி வண்டி பிடித்தார் என்று கேட்டால் இன்றைக்கும் அவரால் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும், நிதானமான குரல். மாஸ்டரின் கைக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள், நடக்க விட்டுப் பார்த்தாள். பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"இந்த மாதிரி எப்போலேருந்து?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். கட்டிலில் அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். காதிலும் விழும்.

"ரெண்டு நாளா" என்றார்.

மறுநாள் காலை ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் வந்தாள். மூளையின் வலது பக்கம், பின்னாலே, வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. உடம்பின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற இடம் அது.

"இது ரெண்டு காரணத்தால வரலாம்" என்றாள். "கிட்னிக்காக சாப்பிடற மாத்திரைல ஒண்ணு சில பேருக்கு மூளைல வீக்கம் கொண்டுவரும். அது திடீர்னு, ஒண்ணு ரெண்டு நாள்ல வரும். நீங்க சொல்றதைப் பார்த்தா அதுதான்னு தோணுது. அந்த மாத்திரையை மட்டும் வேற மாத்திக் குடுத்துட்டு ஒரு வாரம் பார்க்கலாம். பெரும்பாலும் வடிஞ்சிடும்."

"இன்னொரு காரணம் என்னங்க?"

"அது ஒரு வைரஸ். ஆனா அது வாரக்கணக்குல மெல்ல மெல்ல வரும். அதுக்கு முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும். இவங்க ரத்தத்தை இளக்கற மாத்திரை வேற சாப்பிடறாங்க. தேவையில்லாம ஊசி போட வேண்டாம்னு பார்க்கறேன்."

உயிர் போய் உயிர் வந்தது தையல்காரருக்கு. கேன்டீனுக்குப் போய் ஒரு டீயும் இரண்டு பன்னும் வாங்கினார். முந்தின நாள் காலையிலிருந்து பட்டினி. அக்காவுக்குப் போன் போட்டு, "மாத்திரையால வந்த வீக்கமாம், மாத்தினாப் போதுமாம்" என்றார். "சாமானுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் அக்கா. இந்த ஒரு தடவை அவரும் சேர்ந்து சிரித்தார்.

முதல் பன் இறங்கிவிட்டது, இரண்டாவது இறங்கவில்லை. வாரக்கணக்குல என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் அவருக்குள் போய்ச் சேர்ந்தது. இந்த நல்ல சேதி எங்கேயிருந்து வந்தது? அவர் சொன்ன இரண்டு நாள் என்ற பொய்யிலிருந்து வந்தது.

மனசு சும்மா இருக்குமா? சப்பைக்கட்டு கட்டியது. தோள் குறைந்தது அசதியால். கதவில் இடித்தது அவசரத்தால். டாக்டருக்குத் தெரியாததா, படம் பார்த்துத்தானே சொன்னாள். நாம் போய் எதையாவது உளறி, நல்ல நோயைக் கெட்ட நோயாக மாற்றிக்கொண்டு வருவானேன்? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். பயந்தவர்களைப் போல வக்கீல் யாரும் கிடையாது. அரை மணி நேரம் தன் பக்கமே வாதாடிவிட்டு, டீ ஆறிப்போனதும் எழுந்து கடைக்கு வண்டி பிடித்தார்.

சாக்குப் பையை அவர் கொட்டி எண்ணியதே இல்லை. எண்ணினால் எத்தனை என்று தெரிந்துவிடுமே. அன்றைக்கும் எண்ணாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் தன் கைப்பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றாள்.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. பையைக் கழற்றி வைத்தாள். தையல்காரர் துணிகளைப் பரிசோதனைக் கட்டிலில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். வெள்ளை, கோடு போட்டது, நீலம், கட்டம். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் குண்டூசியில் குத்திய சீட்டு, சீட்டில் அவள் கையெழுத்தில் தேதி. டாக்டர் தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்து வெள்ளைத் துணியில் நின்றாள். முப்பத்து நான்கு நாளுக்கு முந்தைய தேதி.

"எல்லாத்துலயும் தோள்தான் தப்பா இருக்கு, இல்ல?"

"ஆமாங்க. மத்த இடத்துல ஒரு நூல் பிசகல."

"வெட்டும்போது துணி மேசைல எப்படிக் கிடக்கும்? காட்டுங்க."

தையல்காரர் கட்டிலின் ஓரத்தில், தன் மனைவி நிற்பது போலவே நின்றார். துணியை எடுத்துக் குறுக்கே போட்டார். அடிப்பக்கம் அவர் வலது கைக்கு வந்தது. தோள் இடது கைக்கு வந்தது. பதினெட்டு வருஷமாக அவள் அப்படித்தான் போடுவாள். ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. போட்ட கையை எடுக்காமலே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவும், தட்டும், இஸ்திரிப்பெட்டியும் சேர்ந்தே விளங்கின. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா அதிகமாகிட்டே வந்திருக்கு பாருங்க" என்றாள் டாக்டர். "இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்கு மறைஞ்சுக்கிட்டு வருது. ரத்தத்தை இளக்கற மாத்திரையை இன்னிக்கே நிறுத்தறேன். முடிஞ்ச சீக்கிரம் ஊசி போட்டுடலாம்."

"காய்ச்சலே இல்லைங்களே. தினம் பார்த்தேங்க. ரெண்டு தெர்மாமீட்டர்ல பார்த்தேன்."

"காய்ச்சல் வரணும்னா உடம்பு சண்டை போடணும். சண்டை போடறவங்களை நாமதானே மாத்திரை குடுத்துக் கட்டி வச்சிருக்கோம்."

அவர் கேட்க விரும்பாத கேள்வியையும் கேட்டார். "நான் முதல் துணியிலயே வந்திருந்தா?"

டாக்டர் வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள். "முன்னாடியே வந்திருந்தா நல்லதுதான். ஆனா இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா ரொம்ப மோசம்" என்றாள்.

ஊசி போட்டு எடுத்த நீரில் வைரஸ் இருந்தது. நாலாம் நாள் காலையில் டாக்டர் மாஸ்டரின் வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சொன்னாள். இந்த வைரஸ் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டு வந்தது இல்லை. முக்கால்வாசிப் பேர் உடம்பில் சின்ன வயசிலேயே வந்து தூங்கிக்கொண்டிருக்கும். தனக்கும் இருக்கலாம், தையல்காரருக்கும் இருக்கலாம். காவல் இல்லாத உடம்பில்தான் விழித்துக்கொண்டு மூளையில் ஏறும்.

கடை வாசலில் எத்தனை பேரை நிறுத்தி வைத்தோம் என்று தையல்காரர் நினைத்தார். வெளியே இருந்து வரும் என்று வாசலைக் காத்தவருக்கு இதைக் கேட்கப் பயமாக இருந்தது. இனி எதைக் காப்பது, எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"இதுக்குன்னு தனி மருந்து கிடையாது" என்றாள் டாக்டர். "கிட்னி மாத்திரைகளை நிறுத்திட்டு உங்க உடம்பை விட்டுப் பிடிக்கணும். அது விழிச்சுக்கிட்டா வைரஸை அடக்கலாம். ஆனா விழிச்சுக்கிட்டா, அக்காவோட கிட்னியையும் அது சும்மா விடாமப் போகலாம். போனா மறுபடி டயாலிசிஸ். மூளைல இதுவரைக்கும் போனது திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. மேல போகாம நிறுத்தப் பார்க்கலாம். நீங்க சரின்னு சொல்லணும்."

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் மாஸ்டர்.

டாக்டர் போன பிறகு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தோள் குறைந்த சட்டைகள், முப்பத்து நான்கு நாள் என்று டாக்டர் வாயிலிருந்து அவளும் கேட்டிருந்தாள்.

"எத்தனை சட்டை?"

"பதினொண்ணு."

"பதினொண்ணையும் நீங்களே வெட்டினீங்களா?"

"ஆமா."

"யாரும் திருப்பிக் கொண்டுவரலையே?"

"இல்ல."

"அப்போ நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க" என்றாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு அழுகை முட்டியது. வெளியே போய் அழுதுவிட்டு, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். பேருந்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேலைச் சட்டையோடேயே வந்திருந்தாள். தையல்காரர் வராந்தாவிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவ்வளவு சத்தக்காரி, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். உள்ளே மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த நாற்காலி கட்டிலின் இடது பக்கம்தான் இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்தாள். தையல்காரர் வலது பக்கம் முக்காலியில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு மாஸ்டர் கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள், அவர் கொடுத்தார். அக்கா, "என்னடி" என்றாள், இதுவரை யாரும் கேட்டிராத மெல்லிய குரலில். மாஸ்டர், "வராந்தால யாரு பேசறா?" என்று கதவுப் பக்கம், வலது பக்கமாகவே பார்த்தாள். அக்கா நாற்காலியை முன்னால் நகர்த்தி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து பார்த்தாள். தங்கையின் கண் அந்தப் பக்கம் வரவே இல்லை.

"நான் யோசிச்சுட்டேன்" என்று மாஸ்டர் புருஷனிடம் சொன்னாள். "மாத்திரையை நிறுத்த வேண்டாம். எனக்கு வலது பக்கம் போதும். வலது பக்கத்தை வச்சுக்கிட்டு ஓட்டிடுவேன்."

"அது அங்கேயே நிக்காதுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"சொல்லட்டும். அக்கா உடம்பை அறுத்துக் குடுத்தது. மூணு வருஷத்துல கெடுத்துட்டேன்னு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. மாத்திரை மாத்தினதுல சரியாகிட்டு வருதுன்னு சொல்லுங்க. நீங்கதான் நல்லா மறைப்பீங்களே."

அக்காவுக்குக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. ஆனாலும் உதட்டில் விரலை வைத்து, சொல்லாதே என்று அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பாவம், தங்கை பயந்துவிடுவாளே என்று அவளுக்குப் பயம். சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று தையல்காரருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு நாள் சொல்லாமல் இருந்தவர்தானே.

"அக்கா இங்கதான் இருக்காங்க" என்றார்.

"எங்க?"

"உன் இடது பக்கத்துல. பக்கத்துலயே. ஒரு மணி நேரமா உக்காந்திருக்காங்க. நீ பேசினதெல்லாம் கேட்டுட்டுதான் இருக்காங்க."

"விளையாடாதீங்க."

"நான் விளையாடலை. தலையைத் திருப்பு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

அவள் திருப்பினாள். மோவாய் தோளில் இடிக்கும் வரைக்கும் திருப்பினாள். அப்போதுதான் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அக்காவின் முகம் வந்தது. அழுது வீங்கிய முகம், மூச்சுக்காற்று படுகிற தூரத்தில். மாஸ்டர் கத்தவில்லை. அவள் வலது கை தேடித் தேடிப் போய் அக்காவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் பயந்து தையல்காரர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"அக்கா, நீ இருக்கறது எனக்குத் தெரியலக்கா. இவ்வளவு கிட்ட இருக்கே, எனக்குத் தெரியவே இல்ல."

"நான் குடுத்தது நீ என்னைப் பார்க்கறதுக்குடி" என்றாள் அக்கா. "அதை வச்சுக்கிட்டு என்னைத் தொலைச்சுட்டு உக்காரவா குடுத்தேன்? போனாப் போகட்டும்."

மாஸ்டர் வெகுநேரம் அந்தச் சட்டையை விடவில்லை. பிறகு, அக்கா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, புருஷனிடம் சொன்னாள்.

"டாக்டரைக் கூப்பிடுங்க. மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க."

அக்கா எழுந்து கட்டிலைச் சுற்றி வலது பக்கம் வந்து, அவர் உட்கார்ந்திருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தையல்காரர் வராந்தாவில் இறங்கி நடந்தார். நேராக டாக்டர் அறை வரைக்கும் போய்க் கதவைத் தட்டினார்.